அம்மாவின் காலடியில் அதிரும் சத்தம்

வாசகர் கடிதம்: நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா வாங்கிய 2005 மாடல் மாருதி 800 காரை, அவர் காலமான பிறகு நான்தான் ஓட்டுகிறேன். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆறு மாதமாக விதவிதமான சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்'சென்று கத்தும், இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். எங்கள் சந்தில் ஒடித்துத் திருப்பும்போது முன்பக்கம் 'டக் டக் டக்' என்கிறது. ஐம்பதைத் தாண்டினால் 'ஊஊ' என்று ஓர் இரைச்சல்; வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. பக்கத்துச் சீட்டில் உட்காரும் அம்மா, "என் காலுக்கு அடியிலதான் அதிருது" என்கிறார். வலது பக்கம் வளையும்போது இரைச்சல் கூடுவதுபோலவும், இடது பக்கம் வளையும்போது குறைவதுபோலவும் எனக்குத் தோன்றுகிறது. பிரமையாகவும் இருக்கலாம். முதல் மெக்கானிக் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார், சத்தம் போகவில்லை. அடுத்தவர் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். மூன்றாமவர் வந்த விலைக்கு விற்றுவிடச் சொல்கிறார். மாதம் ஒருமுறை அம்மாவைக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். என்ன செய்யட்டும்?

அன்புச் சகோதரிக்கு,

கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். வண்டியை விற்கவும் வேண்டாம், இப்போதைக்கு. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று பேர் பார்த்தும் பிடிபடாததில் முக்கால் பங்கை நீங்களும் அம்மாவும் கண்டுபிடித்து எழுதியே விட்டீர்கள். அதைப் பிரமையோ என்று நீங்களே சந்தேகப்பட்டதுதான் எனக்கு வருத்தம்.

நான் தொழில் பழகியது உங்கள் ஊர் லாரிப் பட்டறையில். அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, சத்தம் என்று ஒரு டிரைவர் வந்து நின்றால் ஸ்பேனரைத் தொடவே மாட்டார். டீ சொல்லிவிட்டு டிரைவரை உட்கார வைத்துக் கேட்பார்: "நிக்கும்போது வருதா, ஓடும்போது வருதா? லோடு இழுக்கும்போதா, காலை எடுத்ததுமா? நேர் ரோட்லயா, திருப்பத்துலயா? பிரேக்ல கால் வச்சா மாறுதா? மேடு பள்ளத்துல மட்டுமா?" இதற்கெல்லாம் பதில் வந்த பிறகுதான் எழுந்திருப்பார். பாதி நேரம் நேராக அந்தச் சக்கரத்துக்கே போய்க் கை வைப்பார். எங்களுக்கெல்லாம் அது மந்திரம் மாதிரி இருந்தது. டிரைவர் சொன்னதை முழுசாகக் கேட்டார், அவ்வளவுதான் என்பது எனக்குப் புரியப் பல வருஷமாயிற்று.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். மாருதி 800 போன்ற சின்ன வண்டியில் தகடு மெல்லியது. முன்சக்கரத்தில் பிறக்கிற அதிர்வு தளத் தகட்டில் ஓடி டேஷ்போர்டில் கேட்கும். சைலன்ஸர் தட்டுவது பின்சீட்டுக்கு அடியில் கேட்கும். ஆனால் எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்பதில் இந்தக் குழப்பம் கிடையாது. வண்டி நிற்கும்போதே வந்து, ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தக் கூடினால் அது இன்ஜினோடு சேர்ந்த விஷயம். இன்ஜின் எந்தச் சுற்றில் இருந்தாலும் வண்டியின் வேகத்தை மட்டுமே பின்தொடர்ந்தால் சக்கரம், டயர், ஆக்சில், கியர்பாக்ஸின் வெளிப்பக்கம். மேடு பள்ளத்தில் மட்டும் என்றால் சஸ்பென்ஷன். பிரேக்கோடு மட்டும் என்றால் பிரேக். இந்த நான்கில் எது என்று பிரித்துவிட்டால் வண்டியின் முக்கால் பாகத்தைத் திறக்கவே தேவையில்லை.

உங்கள் வண்டியில் மூன்று சத்தம் இருக்கிறது. மூன்றுக்கும் காரணம் வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் ஷாக் அப்சார்பர் மாறியது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பெரியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த 'ஊஊ' இரைச்சல். ஐம்பதுக்கு மேல் தொடங்குகிறது, வேகத்தோடு கூடுகிறது, வலது வளைவில் ஏறுகிறது, இடது வளைவில் இறங்குகிறது, அம்மாவின் காலடியில் அதிர்கிறது. அம்மா உட்காருவது முன்சீட்டில் இடது பக்கம். என் கணிப்பு, இடது முன்சக்கரத்தின் வீல் பேரிங்.

ஏன் என்று சொல்கிறேன். வண்டி வலது பக்கம் வளையும்போது அதன் பாரம் இடது பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். பஸ்ஸில் நிற்கும்போது வலது வளைவில் நாம் இடது பக்கம் சாய்கிறோமே, அதேதான். தேய்ந்த பேரிங் மேல் பாரம் ஏறினால் அது அலறும். பாரம் இறங்கினால் அடங்கும். ஆகவே நீங்கள் கேட்டது பிரமை இல்லை. அம்மா சொன்னது அதைவிடப் பெரிய சாட்சி. காது ஏமாறும், பாதத்தில் படுகிற அதிர்வு அவ்வளவு சீக்கிரம் ஏமாறாது.

பேரிங் என்பது இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவில் ஓடுகிற குண்டுகள். வளையத்தின் உள்ளே குண்டு ஓடுவதற்குக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக ஒரு தடம் இருக்கும். இதை எழுதும்போது என் மேசையில், சமீபத்தில் ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பேரிங் ஒன்று கிடக்கிறது. தடத்தில் ஓர் இடத்தில் அரிசி முனை அளவுக்குத் தோல் உரிந்த மாதிரி பள்ளம். நகத்தை வைத்து ஓட்டினால் அங்கே மாட்டுகிறது. உள் வளையத்தைக் கையால் சுழற்றினால் மணல் அரைபடுகிற மாதிரி கரகரக்கிறது. தண்ணீரில் அலசிய கிரீஸ் காப்பித்தூள் நிறத்தில் இருக்கிறது. மழையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் வண்டிக்கு 12 அங்குல ரிம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சின்னச் சக்கரம் நொடிக்குப் பத்துச் சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பல குண்டுகள் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுகின்றன. தனித்தனித் தட்டலாக அது காதுக்குக் கேட்காது. எல்லாம் சேர்ந்து 'ஊஊ' என்றுதான் கேட்கும்.

என் வார்த்தையை அப்படியே நம்ப வேண்டாம். கடிதத்தை வைத்துச் சொல்வது கணிப்புதான். ஒரு ரூபாய் செலவில்லாமல் நீங்களே சோதிக்கலாம்.

வண்டி இல்லாத நேரான, சமமான ரோடாகப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். அறுபதில் போகும்போது இரைச்சலைக் கவனியுங்கள். அப்புறம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்ச்சை அழுத்தி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைச் சும்மா ஓட விடுங்கள். இன்ஜின் சுற்று சட்டென்று இறங்கும். இரைச்சல் மட்டும் அப்படியே இருந்து, வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் குறைகிறது என்றால் இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் இதில் பங்கில்லை. முக்கியமான ஒன்று: எந்தக் காரணத்துக்கும் ஓடுகிற வண்டியில் சாவியை அணைக்காதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்கும் கல்லாகிவிடும். மலைப்பாதையில் இந்தச் சோதனையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

அடுத்து, அதே ரோட்டில் மூன்றாவது கியர், நான்காவது கியர் இரண்டிலும் ஐம்பதில் ஓட்டிப் பாருங்கள். கியர்பாக்ஸ் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. பெரும்பாலும் ஏதோ ஒரு கியரில் மட்டும் அதிகமாக இருக்கும்; அல்லது இழுக்கும்போது ஒரு மாதிரி, காலை எடுத்தால் இன்னொரு மாதிரி கேட்கும். உங்கள் இரைச்சல் எந்தக் கியரிலும் ஒரே மாதிரி இருந்தால், 18,000 ரூபாய் செலவு செய்து கியர்பாக்ஸைத் திறந்து பார்க்க ஒரு முகாந்திரமும் இல்லை. கியர்பாக்ஸின் முன் பேரிங் போயிருந்தால் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே தெரியும். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது கரகரக்கும்; கிளட்ச்சை அழுத்தினால் நின்றுவிடும். அழுத்தும்போது மட்டும் வந்தால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். இரண்டையும் உங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

டயரையும் சந்தேகப்பட வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தனியாகப் பட்டறை போட்ட புதிதில், இப்படி இரைந்த ஒரு வண்டியின் கியர்பாக்ஸை நான் இறக்கியிருக்கிறேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. பூட்டி ஓட்டினால் அதே சத்தம். கடைசியில் பார்த்தால் பின்பக்க டயர்கள் ரம்பப் பல் மாதிரி தேய்ந்திருந்தன. அவற்றைத்தான் ரோடு அரைத்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் ஒரு தறி ஓட்டுபவர். வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் இழந்த நான்கு நாள்களைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து, இரைச்சல் என்று வந்த வண்டியில் முதலில் டயரைத் தடவாமல் வேறெதையும் தொடுவதில்லை.

நீங்களும் தடவிப் பாருங்கள். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னால் ஓட்டுங்கள், பிறகு பின்னால் ஓட்டுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் முள் மாதிரி கையில் குத்தினால் டயர் சத்தம் போடுகிறது என்று சந்தேகப்படலாம். டயர் சத்தம் ரோட்டைப் பொறுத்து மாறும். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறினால் உடனே வேறு மாதிரி கேட்கும். பேரிங் சத்தத்துக்கு எந்த ரோடும் ஒன்றுதான். பாரம் மாறினால்தான் அது மாறும். அப்படியே டயர் இடுக்கில் கல் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சின்ன ஜல்லிக் கல் போதும், சுற்றுக்கு ஒரு தட்டு தட்டி நம் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

கடைசிச் சோதனைக்கு ஜாக்கி வேண்டும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அண்டக் கொடுத்து, இடது முன்சக்கரத்தைத் தூக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பில் எதையும் வண்டிக்கு அடியில் விடாதீர்கள். சக்கரத்துக்குப் பின்னால் மேல்பக்கம் சுருள் ஸ்பிரிங் தெரியும். ஒரு கையை அந்த ஸ்பிரிங் மேல் லேசாக வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். விரல்களைச் சக்கரத்திலிருந்து தள்ளியே வைத்திருங்கள். பேரிங் போயிருந்தால் ஸ்பிரிங்கில் ஒரு நடுக்கம் தெரியும். பூனை உறுமுகிறபோது அதன் முதுகில் கை வைத்த மாதிரி இருக்கும். வலது சக்கரத்தையும் இப்படியே தூக்கிப் பாருங்கள். அங்கே அது இருக்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு முறை கையில் பட்டுவிட்டால் அப்புறம் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. அப்படியே சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டிப் பாருங்கள். 'கடக்' என்று ஆட்டம் தெரிந்தால் அன்றே பட்டறைக்குப் போய்விட வேண்டும். பேரிங்காகவும் இருக்கலாம், சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம், இரண்டுமே காத்திருக்கிற விஷயம் இல்லை.

பேரிங் மாற்றும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். புதுப் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்க விடாதீர்கள். அடிக்கிற ஒவ்வொரு அடியும் குண்டு வழியாகத் தடத்தில் இறங்கி, போடும்போதே அதில் வடு விழுந்துவிடும். மூன்றே மாதத்தில் அதே 'ஊஊ' திரும்ப வரும். பேரிங் கம்பெனி மேல் பழி போகும். பிரஸ் என்கிற அழுத்தும் இயந்திரத்தை வைத்து, வெளி வளையத்தில் மட்டும் அழுத்தி இறக்க வேண்டும். பட்டறையில் பிரஸ் இல்லையென்றால் பக்கத்து லேத்தில் கொடுத்து ஏற்றி வரச் சொல்லுங்கள். அதற்குச் சின்னக் கூலிதான். நடு ஆக்சில் நட்டை டார்க் ரென்ச் (அளவு பார்த்து இறுக்குகிற ஸ்பேனர்) வைத்து இறுக்கச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்தாலும் கியர்பாக்ஸுக்குக் கேட்ட தொகையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

இனி அந்த 'டக் டக் டக்'. ஒடித்துத் திருப்பும்போது மட்டும் வருகிற இந்தச் சத்தத்தை எந்த மெக்கானிக்கும் தூக்கத்திலேயே சொல்லிவிடுவார். உங்களுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று தெரியவில்லை. மாருதி 800-இல் இன்ஜின் முன்சக்கரங்களைத்தான் இழுக்கிறது. சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுபடவும் வேண்டும். அந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்வது ஆக்சிலின் வெளிமுனையில் இருக்கிற சி.வி. ஜாயின்ட். அதற்குள்ளும் குண்டுகள்தான்; 'பூட்' என்கிற ஒரு ரப்பர் உறைக்குள் கிரீஸில் ஊறிக்கொண்டு இருக்கும். வருஷக்கணக்கில் அந்த ரப்பர் மடிப்பு மடிப்பாக வெடிக்கும். கிரீஸ் வெளியே தெறிக்கும், மண் உள்ளே போகும். அப்புறம் குண்டு ஓடும் தடம் தேய்ந்து, ஒடித்துத் திருப்பி இழுக்கும்போதெல்லாம் தட்டும்.

எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள உங்கள் பள்ளி மைதானமே போதும், பிள்ளைகள் இல்லாத நேரத்தில். ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்து, முதல் கியரில் மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். அப்புறம் வலது பக்கம் ஒரு வட்டம். கண்ணாடியை இறக்கிவிட்டு, பக்கத்தில் ஒருவரை நடந்து வரச் சொன்னால் எந்தச் சக்கரம் தட்டுகிறது என்று அவரே காட்டிவிடுவார். சக்கரத்தை ஒடித்து நிறுத்திவிட்டு, குனிந்து உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம்மின் உள்பக்கத்திலும் ஷாக் அப்சார்பர் மேலும் கறுப்பாகக் கிரீஸ் அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஷாக் அப்சார்பர் மாற்றியபோது இந்தப் பூட் கண்ணெதிரில்தான் இருந்திருக்கும். அப்போதே யாராவது பார்த்துச் சொல்லியிருக்கலாம். தட்டத் தொடங்குவதற்கு முன் மாற்றினால் அந்த ரப்பர் பூட், கிரீஸ் இரண்டும் சில நூறு ரூபாயோடு முடிகிற வேலை. உங்கள் வண்டியில் தட்டத் தொடங்கிவிட்டதால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

இதில் உங்களுக்குக் கொல்லிமலை இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை ஒடித்தபடியே இன்ஜின் இழுக்க வேண்டும். சி.வி. ஜாயின்ட்டுக்கு இதைவிடக் கொடிய வேலை கிடையாது. சமவெளியில் மாதக்கணக்கில் தட்டிக்கொண்டே ஓடுகிற ஜாயின்ட், ஏற்ற வளைவில் உடைந்துவிடலாம். உடைந்தால் இன்ஜின் உறுமும், சக்கரம் இழுக்காது, வண்டி பின்னால் உருளும். பின்னால் ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருக்கும். ஆகவே இந்த ஜாயின்ட்டும் அந்தப் பேரிங்கும் மாற்றுகிற வரை அம்மாவை மலைக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஒரு மாதம் பஸ்ஸில் போய் வரட்டும். நாமக்கல்லிலும் சேந்தமங்கலத்திலும் பஸ் கிடைக்கும்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஆக்சிலைக் கழற்ற எந்த நட்டைத் திறக்கிறார்களோ, பேரிங்குக்கும் அதே நட்டைத்தான் திறக்க வேண்டும். தட்டுகிற ஜாயின்ட்டும் இடது பக்கமாகவே இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்லுங்கள். கழற்றிப் பூட்டுகிற கூலி ஒரு தடவைதான். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். ஷாக் அப்சார்பர் மாற்றியபோது அதைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

காலை நேரத்துக் 'கீச்', ஃபேன் பெல்ட். இரவெல்லாம் நின்ற வண்டி, பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும், பெல்ட்டில் பனி ஈரம் இருக்கும். ஸ்டார்ட் ஆனதும் ஆல்டர்னேட்டர் முழு பலத்தோடு சார்ஜ் செய்யப் பார்க்கும். தளர்ந்த பெல்ட் வழுக்கிக் கத்தும். பேட்டரி நிறைய நிறையப் பாரம் குறைந்து நின்றுவிடும். இன்ஜின் நின்றிருக்கும்போது பெல்ட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ குறுக்கே வெடிப்பு இருந்தாலோ மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் இறுக்கினால் போதும். இன்ஜின் ஓடும்போது முந்தானை, துப்பட்டா, தலைமுடி எதுவும் பானட்டுக்குள் தொங்கக் கூடாது. அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பம்ப் பக்கம் தண்ணீர் கசிந்த வெள்ளைத் தடம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்ட் என்றதும் இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உங்கள் வண்டி ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இன்ஜினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று அப்பா வைத்துவிட்டுப் போன பில்களில் தேடிப் பாருங்கள். அதற்குப் பில் கிடைக்கவில்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் சத்தம் போட்டு எச்சரிக்கும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் ஒரு சத்தமும் போடாமல் அறுந்து, வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும்.

மலைக்குப் போகிறவர் என்பதால் இன்னும் இரண்டு சத்தங்களைத் தெரிந்து வைத்திருங்கள். ஏற்றத்தில் டாப் கியரிலேயே இழுத்தால் இன்ஜினில் சின்னச் சலங்கை குலுங்குவதுபோலக் கிணுகிணுக்கும். உடனே ஒரு கியர் குறைத்தால் நிற்கும். குறைத்தும் நிற்காவிட்டால் காட்டியாக வேண்டும். இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது லேசான கீச்சல் பரவாயில்லை, மழைக்குப் பிறகு சில மிதியில் போய்விடும். ஆனால் இரும்போடு இரும்பு உரசுகிற 'கர்ர்' வந்தால் பேட் தீர்ந்து தகடு தேய்க்கிறது என்று அர்த்தம். அதோடு ஒரு கிலோமீட்டர்கூட இறங்கக் கூடாது. இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக் சூடாகாது.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது என்பதும் ஒரு பாதி வேலை. "கியர்பாக்ஸ் பாருங்கள்", "ஷாக் அப்சார்பர் பாருங்கள்" என்று நாமே பாகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. பாகத்தின் பெயர் காதில் விழுந்துவிட்டால் அவர் கண்ணும் அங்கேயே போகும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீங்கள் சோதித்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஐம்பதுக்கு மேல், எல்லாக் கியரிலும், நியூட்ரலிலும், வலது வளைவில் அதிகம், இடது ஸ்பிரிங்கில் நடுக்கம். அப்புறம் அவரை ஓட்டச் சொல்லி நீங்கள் அம்மாவின் சீட்டில் உட்காருங்கள். வண்டியை ஓட்டிப் பார்க்காமலே பாகம் சொல்கிறவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மாட்டேன் என்று நல்ல மெக்கானிக் சொல்ல மாட்டார்; அந்தப் பழைய பேரிங்கை உங்கள் கையில் கொடுத்து, சுழற்றிப் பாருங்கள் என்று அவரே காட்டுவார்.

விற்பதா வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்குச் சத்தத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. பேரிங், ஜாயின்ட், பெல்ட் எல்லாம் தேய்வதற்காகவே செய்த பாகங்கள். மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுபோனாலும், ஊர் ஊருக்கு இன்னும் ஓடுவதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது துருவை. வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, தளத் தகடு, ஜாக்கி வைக்கும் இடம், லோயர் ஆர்ம் பிடித்திருக்கிற இடம், முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை உட்காருகிற இடம், இந்த நான்கிலும் ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் வண்டிக்கு உயிர் இருக்கிறது. சொத சொதவென்று உதிர்ந்தால், இந்தப் பழுதுகளைப் பார்த்த பிறகும் அம்மாவை அதில் மலையேற்றக் கூடாது. அப்போது விற்பதைப் பற்றி யோசிக்கலாம். எஃப்.சி. (தகுதிச் சான்று) புதுப்பிக்கிற தேதியையும் ஆர்.சி. புத்தகத்தில் பாருங்கள். பதினைந்து வருஷம் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்து ஐந்து வருஷமாகத்தான் புதுப்பிப்பார்கள். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்பிரிங்கில் கை வைத்துப் பாருங்கள். இடது பக்கம் நடுக்கம் தெரிந்ததா இல்லையா என்று எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைதியாக இருந்து, டயரும் எந்தப் பக்கம் தடவினாலும் கையில் குத்தாமல் இருந்தால் என் கணிப்பு தப்பு. அப்போது வேறு இடத்தில் தேட வேண்டும், அதற்கும் பதில் எழுதுகிறேன். பேரிங் மாற்றி முடிந்ததும் முதல் ஓட்டத்தில் அம்மாவை அதே சீட்டில் உட்கார வையுங்கள். காலடியில் அதிர்வு போய்விட்டதா என்று அவரிடமே கேளுங்கள்.